வீட்டுப் பட்டறை: கராஜுக்குள் வந்த லேசர்

டண்டினோங்கிலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதினைந்து வயது மகன், சேமித்த காசில் லேசர் இயந்திரம் ஒன்று வாங்கி, கராஜில் வைத்து மின்சுற்றுப் பலகை செய்யப் போகிறானாம். "ஊரில் றேடியோ திருத்திய தகப்பன் ஓம் என்கிறார். ஆனால் அவர் இரவு வேலைக்குப் போகிறவர். எனக்குப் பயமாக இருக்கிறது. விடலாமா?" என்று கேட்கிறார். சிட்னியிலும் பல வீடுகளில் எழக்கூடிய கேள்வி என்பதால் இம்முறை இதையே எடுத்துக்கொண்டோம்.

றேடியோவோ தொலைபேசியோ, எதைத் திறந்தாலும் உள்ளே செம்புக் கோடுகள் ஓடும் பலகை ஒன்று இருக்கும். கம்பிகளின் வேலையை அந்தக் கோடுகள் செய்கின்றன. இம்முறைக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் போல் ஐஸ்லர். வியன்னாவில் பொறியியல் படித்த யூதர். நாஸிகளின் கொடுமை நெருங்கிய வேளையில், 1936 இல் இலண்டனுக்குப் புகலிடம் தேடிச் சென்றார். அங்கு ஹம்ஸ்ரெட் பகுதியில் தங்கியிருந்த வாடகை அறையிலேயே அச்சிட்ட சுற்றுடன் ஒரு றேடியோவைச் செய்தார். 1940 இல் அந்நியர் என்று அவரைத் தடுத்தும் வைத்தார்கள். வெளியே வந்தவர் தமது முறைக்கு 1943 இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஆக, வீட்டில் சுற்றுப் பலகை செய்வதை வீண்வேலை என்று நாம் சொல்லமாட்டோம்.

இனி வேலை முறையைப் பார்ப்போம். பழைய வழியிலும் லேசர் உண்டு. வரைந்த சுற்றை லேசர் பிறின்ரரில் வழவழப்பான தாளில் கண்ணாடி விம்பமாக அச்சிட்டு, செம்புப் பலகையில் கவிழ்த்து, சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் கரிய மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். புதிய வழியில் தாள் இல்லை. பலகையை மினுக்கிக் கழுவி, மெல்லிய கறுப்பு பெயின்ற் அடித்துக் காயவிடவேண்டும். செம்பு தேவைப்படாத இடங்களில் மட்டும் நீல லேசர் அந்தப் பெயின்றை எரித்து நீக்கும்.

வீட்டுக்கு வாங்கும் சிறிய நீல லேசர் செம்பை வெட்டிவிடும் என்று எண்ணவேண்டாம். செம்பின் தடிப்பு வழக்கமாக 35 மைக்ரோன்தான். ஆனால் சூட்டை அது உடனே பரப்பிவிடும். ஆகவே இரண்டு வழிகளிலும் பலகையைப் பெரிக் குளோரைட் கரைசலில் இட்டு, வெளியே தெரியும் செம்பைக் கரைக்கவேண்டும். கையுறை அவசியம். பாத்திரம் பிளாஸ்ரிக்காக இருக்கவேண்டும். பாவித்த கரைசலில் செம்பு கலந்திருப்பதால் அதைக் குசினித் தொட்டியில் ஊற்றக்கூடாது. நியூ சவுத் வேல்ஸில் 'கெமிக்கல் கிளீன்அவுட்', விக்ரோறியாவில் 'டீடொக்ஸ் யுவர் ஹோம்' என்ற பெயர்களில் வீட்டு இரசாயனங்களைச் சேகரிக்கிறார்கள். அங்கே கொடுங்கள்.

தாயாரின் பயத்துக்கு வருவோம். அது நியாயமான பயம். கையில் பிடிக்கும் லேசர் சுட்டி 1 மில்லிவாற்றுக்கு மேற்பட்டதாயின் அனுமதியின்றி இந்நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. 2008 முதல் இந்தத் தடை இருக்கிறது. மகன் வாங்க நினைக்கும் வகை இயந்திரங்களின் வலு பொதுவாக 5 அல்லது 10 வாற். ஐந்து வாற் என்றால் ஐயாயிரம் மில்லிவாற்! நம் கண்வில்லை அந்தக் கதிரைக் குவித்து விழித்திரையின் ஒரு புள்ளியில் விழுத்தும். கண் இமைக்கும் முன்னரே அவ்விடம் எரிந்துவிடும். வலி தெரியாமலும் போகலாம். எரிந்த பார்வை திரும்பாது. நேரே பார்த்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. மினுங்கும் செம்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியே போதும்.

எனவே அத்தாயாருக்கு நாம் சொல்வது இது: விடுங்கள், ஆனால் நிபந்தனையோடு விடுங்கள். முற்றாக மூடிய பெட்டியும், மூடியைத் திறந்தால் தானே நிற்கும் அமைப்பும் உள்ள இயந்திரத்தையே வாங்கவேண்டும். பணம் போதாவிட்டால் இன்னும் சில மாதம் சேமிக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடியில் அந்த லேசரின் அலைநீளம் அச்சிடப்பட்டிருக்கவேண்டும். நீல லேசருக்கு அது ஏறக்குறைய 450 நானோமீற்றர். வெயில் கண்ணாடி இதற்கு உதவாது. புகை வெளியே போக வழி வேண்டும். பெயின்றோடு பலகையின் கண்ணாடியிழையும் கருகினால் அந்தப் புகை கெட்டது. தம்பி தங்கைகள் கராஜுக்குள் வரக்கூடாது.

கடைசி நிபந்தனை தகப்பனுக்கு. இயந்திரத்தின் மின்வயரை நீங்கள் எடுத்து வைத்திருங்கள். வேலையில்லாத நாளில் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் அது இயங்கட்டும். மற்ற நாட்களில் மகன் கைகட்டி இருக்கத் தேவையில்லை. கீகாட் என்ற இலவச மென்பொருளில் சுற்றை வரைந்து பழகலாம்.

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றறியும் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டவர்கள் நாம். எதை எதோடு இணைத்தால் வேலை செய்யும் என்பது அந்தத் தகப்பனுக்குக் கைவந்த கலை. கம்பியூட்டரில் வரைவது மகனுக்கு வரும். கராஜில் இரண்டு கதிரைகளைப் போடுங்கள்.

அடுத்த முறை, ஈயம் பற்றவைக்கும்போது பிள்ளைகள் விடும் பிழைகளைப் பற்றி எழுதுவோம்.