பிள்ளைகளின் இரத்தப் புற்றும் தலையெழுத்தும்

சிறு பிள்ளைக்கு இரத்தப் புற்று என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில், நமது மக்களில் அநேகர் முதலில் தேடுவது ஜாதகத்தையேயாகும். கிரகதோஷம் என்பார் ஒருவர். தாய் தகப்பன் செய்த பாவம் என்பார் மற்றொருவர். தலையெழுத்து என்று முடிப்பார் மூன்றாமவர்.

அந்த எழுத்துத்தான் எங்கே இருக்கிறது? 1960ம் வருஷம் அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்தில், நோவெல், ஹங்கர்போர்டு என்னும் இருவர், ஒருவகை இரத்தப் புற்று நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாயிருப்பதை மைக்ராஸ்கோப்பில் கண்டார்கள். 9வது, 22வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதே அதற்குக் காரணம் என்று 1973ல் சிக்காகோவில் ஜேனட் ரௌலி அம்மையார் காட்டினார். அந்த ஒட்டினால் உண்டாகும் புரதம் அணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. இது ஓர் அணுவில் நேரும் பிழையேயல்லாமல், பெற்றோர் கொடுத்ததுமல்ல. பிறந்த நேரம் கொடுத்ததுமல்ல.

பிள்ளைகளுக்குத் திடீரென்று முற்றும் இரத்தப் புற்றிலும் 100க்கு மூன்று நான்கு பேரிடம் இதே கோளாறு உண்டு. முன்பெல்லாம் இவர்களில் மூன்று வருஷம் வியாதி திரும்பாமல் பிழைத்திருந்தவர்கள் 100க்கு 35 பேரே. அப்புரதத்தையே தடுக்கும் இமாட்டினிப் மாத்திரையை மற்ற மருந்துகளோடு இடைவிடாமல் கொடுத்துப் பார்த்த அமெரிக்கப் பரிசோதனையில், அது 100க்கு 80 ஆயிற்று என்று 2009ல் வெளியிட்டார்கள். சிறு பரிசோதனைதான். ஆனாலும் எந்தக் கிரகம் இடம் மாறிற்று? மருந்தல்லவா மாறிற்று! மிச்சமுள்ளவர்களையும் "விதி" என்று கைகழுவி விடாமல், இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நிற்க, மருந்து இருந்தும் விலை கொடுக்க முடியாவிட்டால் ஏழைக்கு அதுவும் ஒரு விதிதானே! இம்மருந்தின் ஒரு வடிவத்திற்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட தனியுரிமையைச் சென்னைப் பேட்டண்டு ஆபீசு 2006ல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அது சரியென்றது. அதனாலேயே இந்நாட்டுக் கம்பெனிகள் குறைந்த விலைக்கு இதைச் செய்து விற்க முடிகிறது. இதுவும் மனிதர் செய்த காரியமே.

ஆகவே நாம் சொல்லுவதெல்லாம், இவ்வியாதி கண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆரம்பத்திலேயே இந்தக் குரோமோசோம் சோதனையைச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாமாய்ச் செய்ய வேண்டும் என்பதேயாகும். பெற்றோர்களே! ஜோசியரிடம் ஜாதகத்தை நீட்டுமுன், "சோதனை செய்தாயிற்றா?" என்று டாக்டரைக் கேளுங்கள். நேர்த்திக்கடனை நம்பி நடுவில் மருந்தை நிறுத்தாதீர்கள்.