பக்ஷிகளின் சித்திரக்காரர்

சித்திரக் கலையைக் குருமுகமாகவே கற்க வேண்டும் என்பது நம்மவரின் நம்பிக்கை. இவ்வாரம் நாம் சொல்லப் புகுந்த மனிதருக்கோ காடே பள்ளிக்கூடம், பக்ஷிகளே பாடம்.

ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1785-ம் வருஷம் இன்று ஹைட்டி எனப்படும் நாட்டில் பிறந்து, பிரான்ஸில் வளர்ந்து, 1803-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். வியாபாரத்தில் இறங்கினார், மனம் கடையில் தங்கவில்லை. பெட்டியில் வைத்திருந்த 200 சித்திரங்களை எலிகள் கடித்து நாசமாக்கின என்றும், மூன்று வருஷத்துக்குள் மீண்டும் வரைந்து பெட்டியை நிரப்பியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். 1819-ல் வியாபாரம் முறிந்து, கடனுக்காகச் சிறையும் புகுந்தார். அதன்பின் அவர் காடு மேடெல்லாம் அலைந்த காலத்தில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர் மனைவி லூஸி அம்மாள்.

1827 முதல் 1838 வரை பிரிட்டனில் அச்சான 'அமெரிக்கப் பக்ஷிகள்' என்னும் நூலில் 435 சித்திரங்கள். ஒவ்வொரு பறவையும் அதனதன் உண்மை அளவிலேயே இருக்கிறது. மூன்றடிக்கு மேற்பட்ட அந்தக் காகிதத்திலும் பூநாரை அடங்காமற் போகவே, அது கழுத்தை வளைத்துக் குனிந்து நிற்கும்படி வரைந்தார்.

இத்தனை ஜீவகளை எவ்விதம் வந்தது? பறவைகளைச் சுட்டு வீழ்த்தி, கம்பிகளால் உயிருள்ளவைபோல் நிறுத்தி வைத்தே அவர் வரைந்தார். அதனினும் வருந்தத்தக்க விஷயம் ஒன்றுண்டு: மனிதரை அடிமைகளாக விலைக்கு வாங்கியும் விற்றும் வந்தார். இறகின் ஒரு கீற்றையும் தவற விடாத கண்கள், அருகில் நின்ற மனிதனின் துயரத்தைக் காணவில்லை. கலையைப் போற்றும் நாம் இதை மறைப்பது தர்மமாகாது.

1813-ல் கெண்டக்கி மாகாணத்தில் யாத்திரைப் புறாக்கள் மூன்று நாள் ஓயாமல் பறந்து சூரியனை மறைத்ததை அவர் கண்டார். மனிதர் அவற்றை உணவுக்கும் சந்தைக்குமாகக் கொன்று குவித்தனர். அவை வாழ்ந்த காடுகளையும் அழித்தனர். அந்த இனத்தின் கடைசிப் புறா 1914-ல் ஸின்ஸினாட்டி மிருகக்காட்சிசாலையில் இறந்தது. ஆடுபான் தீட்டிய ஜோடிப் புறாக்கள் மட்டும் இன்றும் காகிதத்தில் ஒன்றுக்கொன்று இரையூட்டிக்கொண்டிருக்கின்றன.

நம் வீட்டு முற்றத்திலும் தவிட்டுக்குருவியும் மைனாவும் வருகின்றன. குழந்தைகள் கையில் ஒரு பென்ஸிலைக் கொடுத்து, அவற்றைப் பார்த்து வரையச் சொல்லுவோம். படம் கோணலாயிருந்தாலும் பாதகமில்லை. கூர்ந்து பார்க்கப் பழகிய பிள்ளை கல்லெறியக் கை ஓங்காது.