17 சேக்கல் வெள்ளி

வெள்ளமோ பூகம்பமோ ஓர் ஊரைப் புரட்டிப் போட்டவுடன், பிணங்களை எடுத்து முடிப்பதற்குள்ளாகவே, அது தேவன் அனுப்பிய நியாயத்தீர்ப்பு என்று தூரத்துப் பிரசங்க மேடையில் நின்று முழங்குகிறவர்கள் எக்காலத்திலும் உண்டு; தங்கள் கட்சிக்குச் சாட்சியாக அவர்கள் எரேமியா தீர்க்கதரிசியை அழைப்பதும் வழக்கம். அவருடைய சரித்திரத்தை முழுமையாக வாசித்தவர்களுக்கு அந்தச் சாட்சி அவர்கள் பக்கம் பேசுவதாகத் தோன்றாது.

நியாயத்தீர்ப்பே இல்லை என்பது என் வாதமன்று. வேலையாட்களுக்குக் கூலி கொடாமல் கேதுரு மரத்தால் மாளிகை கட்டிக்கொண்ட யோயாக்கீம் அரசனை எரேமியா கண்டித்தபோது, அந்த ஏழைகளின் கண்ணீருக்குப் பரலோகத்தில் கணக்கு உண்டு என்றே சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தரான பாருக்கு எழுதிய சுருளை, குளிர்கால அரண்மனையில் கணப்பருகே அமர்ந்திருந்த அதே அரசன், மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்படுந்தோறும் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பிலே போட்டான். ஜனங்கள் மனந்திரும்புவார்களோ, மன்னிப்புப் பெறுவார்களோ என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்ட சுருள் அது என்பதைத்தான் நம்மவர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டே ஆண்டில் பாபிலோனின் நுகம் முறியும் என்று அனனியா என்பவன் ஆலயத்தில் பொய்த் தீர்க்கதரிசனம் உரைத்தபோது, எரேமியா முதலில் சொன்ன வார்த்தை ஆமென் என்பதே. தம் எச்சரிக்கை பொய்த்துப் போகட்டும், ஜனங்கள் பிழைக்கட்டும் என்று விரும்பிய தீர்க்கதரிசி அவர்!

எருசலேம் நகரம் விழுவதற்கு முந்தின ஆண்டில், பாபிலோனியரின் முற்றுகைக்கு நடுவே, காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்த நிலையில், தகப்பனுடைய சகோதரன் மகனாகிய அனாமெயேலிடமிருந்து ஆனதோத்தூர் நிலத்தை அவர் விலைக்கு வாங்கினார். அவருடைய பிராணனை வாங்கத் தேடியவர்கள் அந்தச் சொந்த ஊரார்தாம் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 17 சேக்கல் வெள்ளியைத் தராசிலே நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் கையெழுத்திட, முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தும்படி பாருக்கிடம் ஒப்புவித்தார். அழியும் என்று தாமே அறிவித்த தேசத்தில், வீடும் வயலும் திராட்சத்தோட்டமும் மறுபடி கைமாறும் என்று நம்பித் தம் கைப்பணத்தைப் போட்டவர் அவர். கி.மு. 587-இல் எருசலேம் வீழ்ந்தது. 586 என்பாரும் உளர்.

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்றவரினும் பெரும் பாவிகளோ என்று கேட்ட இயேசு, இல்லையென்று தாமே பதில் சொல்லி, கேட்டு நின்றவர்களையே மனந்திரும்பச் சொன்னார். அதே எருசலேமைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, அதன் வாசலுக்குப் புறம்பே அவர் ஜீவனை விட்டார் என்பதும், அந்தச் சிலுவையில் தேவன் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்பதும் கிறிஸ்தவ விசுவாசத்தின் அஸ்திவாரம். தீர்ப்பைச் சொன்னவரே தீர்ப்பைச் சுமந்துகொண்ட மார்க்கத்தில், பிறர் துயரத்தைத் தம் உபதேசத்துக்கு ஆதாரமாக்குவது தேவதூஷணத்துக்குச் சற்றே குறைந்த குற்றம் என்பது என் அபிப்பிராயம்.

ஆகையால் போதகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த பேரிடர் நேரும்போது, தண்டனை என்ற சொல்லை எடுக்குமுன், அந்த ஊருக்குப் போய் ஒரு வீடாவது எழும்பக் கைப்பணம் கொடுங்கள்.