‘கைஜின்’ என்னும் சொல்

ஒரு நாட்டார் தம்மவரல்லாதாரை எப்பெயரால் வழங்குகின்றனரோ, அப்பெயர் வந்தவர் இயல்பினும் வழங்குவோர் உள்ளத்தையே நன்கு காட்டும். ஜப்பானியர் அயல்நாட்டாரைக் குறிக்க வழங்கும் ‘கைஜின்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். ‘கை’ என்பது புறம். ‘ஜின்’ என்பது மனிதன். ஆகவே புறத்தான் என்பதே பொருள். இவ்விரண்டிற்குமிடையே நாட்டைக் குறிக்கும் ‘கொகு’ என்னும் சொல்லை வைப்பின், புறநாட்டான் எனப் பொருள்படும் ‘கைகொகுஜின்’ ஆகும். அரசாங்க ஏடுகளிலும் மரியாதையான பேச்சிலும் வழங்குவது இதுவே.

கைஜின் என்பது இந்நெடுஞ்சொல்லின் குறுக்கமே, அதில் இழிவு யாதுமில்லை என்பார் பலர். ஆயினும் குறுஞ்சொல் மிகப் பழையது. 13-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற ‘ஹெய்கே மொனொகாதாரி’ என்னும் போர்க்காதையில், தம் கூட்டத்தைச் சேராதவர் என்னும் பொருளில் அது வருகின்றது. அன்று ஜப்பானியனுக்கு ஜப்பானியனே புறத்தானாதல் கூடும். 1543-இல் வந்திறங்கிய போர்த்துக்கேயர்க்கோ ‘நன்பன்ஜின்’ என்று பெயரிட்டனர். நம் செவிக்கு நண்பன் போல் ஒலிக்கும் இச்சொல்லின் பொருள் தென்றிசைக் காட்டுமிராண்டி என்பதாம்! பின்வந்த ஒல்லாந்தர் ‘செம்மயிரர்’ ஆயினர். 1868-இல் மெய்ஜி ஆட்சி தோன்றிய பின்னரே புறநாட்டான் என்னும் சொல் பரவிற்று. கைஜினும் நாளடைவில் அயல்நாட்டானுக்கே உரியதாயிற்று.

பிறப்பால் குற்றமற்ற சொல் வழக்காலும் குற்றமற்றதாமோ? நம் ‘பரதேசி’ என்னும் சொல்லை நோக்குக. பிற தேசத்தான் என்பதே அதன் முதற்பொருள். பின்னர் அஃது இரந்துண்பானுக்குப் பெயராகி வசையுமாயிற்று. வசையுண்டவனுக்குச் சொற்பிறப்பை விளக்கினால் அவன் மனம் ஆறுமோ? கைஜின் அத்துணை இழிந்ததன்று. நகைமுகத்தோடு சொல்வாரும் உளர். ஆயினும் அயல்நாடு சென்ற ஜப்பானியருட் சிலர், அந்நாட்டு மக்களையே கைஜின் என்கின்றனர். எனவே அச்சொல் எல்லை கடந்து வந்தவனையன்று, ஜப்பானியனல்லாதவனையே குறிக்கின்றது. பல்லாண்டு அங்கு வாழ்ந்து, அவர் மொழியைப் பயின்று, வரியிறுத்து, மக்களைப் பெற்றவனும் புறத்தானாகவே நிற்கின்றான். நோவு இங்கேதான் உள்ளது. அந்நாட்டு ஒலிபரப்பு நிலையத்தார் இச்சொல்லை விலக்கி வருவதும் இந்நோவை உணர்ந்தே போலும்.

ஒரு சொல் சுடுமா என்பதை அறிபவன் கேட்போனேயன்றிச் சொல்வோனல்லன் என்பது என் துணிபு. பவுலடிகள் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் அந்நியர் என்னும் பெயரை நீக்கி, வீட்டார் என்னும் பெயரைத் தந்தருளினார். பரதேசி என்று வாய்கூசாது சொல்லும் நாம் ஜப்பானியரைப் பழித்தல் எளிது. நம் நாவைத் திருத்துதலே அரிது. அயலானை அழைக்க ஒரு பெயர் வேண்டுமாயின், அவன் தாய் இட்ட பெயர் ஒன்று உண்டன்றோ? அதனைக் கேட்டறிந்து அழைப்போமாக.