நல்ல பல்லைப் பிடுங்கும் முன்...

காது வலித்தால் காதில்தான் கோளாறு, பல் வலித்தால் பல்லில்தான் கோளாறு என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். இந்த நினைப்பால் வீணாகும் பணமும், பறிபோகும் நல்ல பற்களும் கொஞ்சநஞ்சமல்ல!

'காதுக்குள்ள குடையுது டாக்டர்' என்று ஈ.என்.டி. டாக்டரிடம் போவார்கள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, 'காது சுத்தமா இருக்கே' என்பார். அடுத்து பல் டாக்டர். எக்ஸ்ரேயில் சொத்தை எதுவும் இருக்காது. அப்புறம் கண் டெஸ்ட், தலைவலி மாத்திரை... வந்திருப்பவர் பெண்மணி என்றால், 'எல்லாம் டென்ஷன்தாம்மா, நிம்மதியா இருங்க' என்று ஓர் இலவச உபதேசம்! கடைசியில், 'அந்தக் கடைவாய்ப் பல்லையாவது எடுத்துடுங்க' என்று அவரே கெஞ்சும் நிலை வந்துவிடும். பல் போகும், வலி போகாது. காரணம், குற்றவாளி பல் அல்ல, தாடை மூட்டு.

முழங்கால் மூட்டு பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். தாடைக்கும் மூட்டு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஏதோ அசைகிறதல்லவா? அதுதான் அது. இரண்டு பக்கமும் உண்டு. கதவுக் கீல் மாதிரி திறப்பதோடு, முன்னும் பின்னும் வழுக்கியும் நகரும். நடுவில் மெத்தை போல ஒரு தட்டு. பேச, மெல்ல, கொட்டாவி விட எல்லாவற்றுக்கும் இதுதான் உழைக்கிறது. காதுக்குப் பக்கத்து வீடு என்பதால், இங்கே எரிந்தால் அங்கே புகைகிறது!

என்ன அறிகுறிகள்?

மெல்லும்போது காதுக்கு முன்னால் வலி. காலையில் எழும்போதே தாடை அசந்துபோயிருப்பது, நெற்றிப்பொட்டில் வலி. காது அடைத்தாற்போல் இருப்பது, இரைச்சல். வாயைத் திறக்கும்போது தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவது (கண்ணாடி முன் நின்றால் நீங்களே பார்த்துவிடலாம்). பாதியில் 'லாக்' ஆகி நிற்பது. உங்கள் விரல்கள் மூன்றைச் சேர்த்து நெட்டுவாக்கில் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு நுழையும். நுழையவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

'எனக்கு டக் டக்கென்று சத்தம் கேட்கிறதே' என்று பதற வேண்டாம். வலியில்லாத வெறும் சத்தம் ரொம்பப் பேருக்கு உண்டு. அதற்கு வைத்தியமே தேவையில்லை. சத்தத்தோடு வலியோ, வாய் திறக்க முடியாமையோ சேர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாக்கு, பான்மசாலா, குட்கா போடுகிறவருக்கு வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைந்து, காரம் பட்டாலே எரிந்தால், அது மூட்டுக் கோளாறாக இல்லாமல் கன்னத்தின் உட்சதை இறுகும் நோயாக இருக்கலாம். புற்றுநோயாக மாறக்கூடிய நிலை அது. ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்தி, வியர்த்து, தாடை வலித்தால் பல் டாக்டரைத் தேடாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மாரடைப்பாக இருக்கலாம். கொட்டாவி விட்டு வாய் மூடாமல் நின்றுவிட்டால் சுளுக்கு வழிப்பவரிடம் போகாமல், டாக்டரிடமே போய் மூட்டைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

சரி, மூட்டுதான் என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? இங்கேதான் அவசரம் கூடாது என்கிறேன்.

1934-ல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்க காது மூக்கு தொண்டை டாக்டர், காதுத் தொல்லைகளையும் தாடை மூட்டையும் முடிச்சுப் போட்டு எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்து, தாடை மேலே ஏறி அழுத்துவதுதான் காரணம் என்றார். அதை நம்பிப் பல்லின் உயரத்தை மாற்றும் வைத்தியங்கள் வந்தன. அவர் சொன்ன அந்தக் காரணம் பிற்பாடு நிற்கவில்லை. ஆனால், 'கடி சரியில்லை, ராவிச் சமப்படுத்தினால் வலி போய்விடும்' என்ற பேச்சு மட்டும் இன்றும் ஓயவில்லை. ராவிய பல் வளருமா?

2023-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு முதலிடம் கொடுப்பது தாடைப் பயிற்சிகள், பிசியோதெரபி, மனசுக்கான ஆலோசனை ஆகியவற்றுக்குத்தான். மூட்டுத் தட்டை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியதும் நிறைய. கொஞ்ச நாளைக்கு முறுக்கு, சீடை, கரும்புக்கு லீவு விடுங்கள். இட்லி, குழைந்த சாதம் போதும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். கொட்டாவி வரும்போது மோவாயைக் கையால் தாங்குங்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிப் பேசாதீர்கள். முக்கியமாக, பல்லைக் கடிக்காதீர்கள். உதடு சேர்ந்திருக்கலாம், பற்கள் சேரக்கூடாது. சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடைவெளி இருப்பதுதான் இயற்கை. தூக்கத்தில் பல்லை நறநறப்பவர் என்றால் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். கழற்றி மாட்டும் பிளேட் தருவார். பற்கள் தேயாமல் காக்கும். ஆனால், அது மட்டுமே வைத்தியம் ஆகிவிடாது.

இந்தத் தொல்லை அதிகம் வருவது இருபதிலிருந்து நாற்பது வயதுப் பெண்களுக்கு. வீட்டுக் கோபத்தையும் ஆபீஸ் கோபத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகிறவர்கள்! 'டென்ஷன்' ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக வலி பொய்யாகிவிடாது. உங்கள் வீட்டம்மா 'காது வலிக்குது' என்று மூன்றாவது முறையாகச் சொன்னால், 'காது முன்னாடி தொட்டா வலிக்குதா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டாக்டரிடமும் 'மூட்டைக் கொஞ்சம் பாருங்களேன்' என்று கேளுங்கள்.

பிடுங்குவதற்கு ஐந்து நிமிஷம் போதும். பிடுங்கிய நல்ல பல் திரும்ப முளைக்காது.