டாக்டருக்கு எதுக்குங்க கோச்?

கிரிக்கெட் வீரருக்கு கோச் இருக்கலாம். படிச்சு முடிச்சு போர்டு மாட்டின டாக்டருக்கு எதுக்குன்னு கேட்பீங்க. கொஞ்சம் நீளமான த்ரெட். நீங்க டாக்டர் இல்லைன்னாலும் படிங்க. டேபிளுக்கு அந்தப் பக்கம் உட்கார்றது நீங்கதான்.

எங்க கொடைக்கானல்ல நாயுடுபுரம் மாதிரி ஒரு இடத்தை எடுத்துக்குங்க. ஒரு டாக்டர், ஒரு ரூம், ஒரு சிஸ்டர். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ சீஃப் பின்னாடி நின்னு பார்த்தார், திட்டினார், திருத்தினார். க்ளினிக் திறந்த பிறகு? 20 வருஷம், 30 வருஷம் ஆனாலும் அவர் நோயாளியைப் பார்க்கிற விதத்தை இன்னொரு டாக்டர் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்கிறதில்லை. சி.எம்.இ.க்கு மலையிறங்கி வத்தலக்குண்டு தாண்டி மதுரை போறோம். புது மாத்திரை பத்தி கேட்கிறோம், பிரியாணி சாப்பிடுறோம், திரும்பி வர்றோம். நம்ம கையும் பேச்சும் எப்படி இருக்குன்னு சொல்ல ஆள் இல்லை. சிட்டியிலயும் இதே கதைதான்.

அதுல் கவாண்டேன்னு ஒரு சர்ஜன். இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த அமெரிக்கர். நல்ல பேர் எடுத்தவர், ஆனா ஒரு கட்டத்துக்கு மேல தன்னோட முன்னேற்றம் அப்படியே நின்னுட்ட மாதிரி அவருக்குப் பட்டது. தனக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆன ராபர்ட் ஆஸ்டீனை தியேட்டருக்குள்ள வந்து பார்க்கச் சொன்னார். ஆபரேஷன் நல்லாத்தான் நடந்தது. ஆனா ஆஸ்டீன் குறிப்பேடு நிறைய எழுதி வச்சிருந்தார். முழங்கை அப்பப்போ தோள் உயரத்துக்குத் தூக்குது. லைட் காயத்தை விட்டு விலகி ரொம்ப நேரமாச்சு, நீங்க கவனிக்கலை. துணி போர்த்தின விதத்துல எதிர்ல நிக்கிற உதவியாளருக்கு இடமே இல்லை. இதையெல்லாம் 2011ல நியூ யார்க்கர் இதழ்ல கவாண்டேவே எழுதினார். அதுக்கப்புறம் சிக்கல்கள் குறைஞ்சுது, ஆனா அது தற்செயலான்னு உறுதியா சொல்ல இன்னும் நாளாகும்னும் சேர்த்து எழுதினார். எனக்குப் பிடிச்சது அந்த நேர்மைதான்.

ஓபியில என்னத்தைப் பார்க்கப் போறாங்க? நிறைய இருக்கு. 1984ல அமெரிக்காவுல ஓபி பேச்சைப் பதிவு பண்ணி ஆராய்ஞ்சாங்க. நோயாளி பேச ஆரம்பிச்சு சராசரியா 18 நொடியில டாக்டர் குறுக்கிட்டுட்டார். தான் குறுக்கிடுறோம்னு எந்த டாக்டருக்கும் தானா தெரியாது. பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

சரி, கோச்சை எப்படிப் பிடிக்கிறது? இன்ஸ்டாவுல "ஆறே மாசத்துல உங்க ஓபி டபுள்"னு விளம்பரம் வருது பாருங்க, அது வியாபாரப் பயிற்சி. அதை விடுங்க. நம்ம நாட்டுல கோச்னு போர்டு வைக்க எந்த லைசென்ஸும் வேண்டாம். ஐ.சி.எஃப்.னு ஒரு சர்வதேச அமைப்பு சான்றிதழ் தருது. அதோட முதல் படிக்கு 60 மணி நேர வகுப்பும் 100 மணி நேர அனுபவமும் கேட்கிறாங்க. ஒண்ணுமே இல்லாததுக்கு அது மேல். ஆனா சான்றிதழைப் பார்த்ததும் பணம் கட்டிடாதீங்க.

நான் முதல்ல கேட்கச் சொல்றது, "என் ஓபியில ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பீங்களா?" ஜூம்ல மட்டும்தான்னா, என் பார்வையில பாதி வேலைதான் நடக்கும். ரெண்டாவது, காசு யார் கட்டுறா? ஆஸ்பத்திரி நிர்வாகம் கட்டுச்சுன்னா, நீங்க பேசினது எச்.ஆர். வரைக்கும் போகுமான்னு எழுத்துல வாங்குங்க. போகும்னா அது கோச்சிங் இல்லை, வேவு. நோயாளி பேர், ஊர் எதையும் கோச்கிட்ட சொல்லக் கூடாதுங்கிறதைத் தனியா சொல்ல வேண்டியதில்லை.

திட்டுறவரைத் தேர்ந்தெடுக்காதீங்க. நம்ம டாக்டர்களுக்கு சீனியர்னாலே "சரிங்க சார்" தானா வாயில வந்துடும். "சரிங்க சார்" சொன்ன நிமிஷம் கத்துக்கிறது நின்னுடும். "இந்த இடத்துல நீங்க என்ன நினைச்சீங்க?"ன்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் பொறுமையா இருக்கிறவர் வேணும். ஜி.எச்.ல ரிட்டயர் ஆன ஒரு பொது மருத்துவர் இதுக்குப் போதும். அவரும் கிடைக்கலையா, பக்கத்து ஊர் டாக்டரோட மாசம் ஒரு மணி நேரம் மாத்தி மாத்தி உட்காருங்க. செலவு டீ மட்டும்தான்.

ஆனா கோச்சிங் எல்லாத்துக்கும் மருந்து இல்லை. 2019ல மேயோ க்ளினிக் குழு 88 டாக்டர்களை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. போன்ல ஆறு அமர்வு, மொத்தமே மூணரை மணி நேரம். மனச்சோர்வு நல்லாவே குறைஞ்சுது. வேலை திருப்தி பெருசா மாறலை. எப்படி மாறும், வேலை அதே வேலைதானே? 2024ல தேசிய மருத்துவ ஆணையத்தோட பணிக்குழு, பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாதுன்னு பரிந்துரைச்சது. அதையே நடைமுறைப்படுத்தாம "ஒரு கோச் வச்சுக்கோப்பா"ன்னு நிர்வாகம் சொன்னா அது தட்டிக்கழிக்கிறது. தூக்கமே போச்சு, வாழவே பிடிக்கலைன்னு இருக்கிற டாக்டருக்குத் தேவை மனநல மருத்துவர். டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் எடுப்பாங்க. உங்களுக்கும் அதே நம்பர்தான்.

கடைசியா உங்களுக்கு ஒண்ணு. ஒருநாள் உங்க டாக்டர் ரூம் மூலையில இன்னொருத்தர் நோட்டோட உட்கார்ந்திருக்கலாம். "இவரும் டாக்டர், நான் பார்க்கிறதைப் பார்க்க வந்திருக்கார், உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேட்பார், கேட்கணும். வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா "டாக்டருக்கே வேலை தெரியல போல"ன்னு மட்டும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.