கணக்குத் தப்பினால் பழி யார்மேல்?

காவிரியையும் வைகையையும் குண்டாற்றையும் இணைப்போம் என்று 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். விருதுநகர்ச் சீமையின் வறண்ட கண்மாய்களும் அதை நம்பிக் காத்திருக்கின்றன.

இத்தனை மண்ணையும் பொக்லைன் அள்ள வேண்டும், டிப்பர் சுமக்க வேண்டும். எத்தனை டிப்பர்? ஒரு டிப்பரை நிரப்ப 4 நிமிடம், போய்க் கொட்டித் திரும்ப 16 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 5 டிப்பர் போதும் என்கிறது காகிதக் கணக்கு. சரிதான், வெயில் காயும் வரையில்! ஐப்பசி மழையில் கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்தால் 16 நிமிடம் 26 ஆகும். அப்போது பொக்லைன் அரைமணிக்கு 10 நிமிடம் சும்மா நிற்கும். பழியோ ஓட்டுநர்மேல்! "விரட்டு" என்பார்கள். அவசரத்தின் விலை என்னவென்று சிவகாசித் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலையைக் கணிப்பொறியில் முன்கூட்டியே ஓட்டிப்பார்க்கும் முறை 1970களிலேயே வந்துவிட்டது. மழை, பழுது, காத்திருப்பு எல்லாவற்றையும் புகுத்தி ஆயிரம் முறை நடத்திப் பார்க்கலாம். நல்ல முறைதான். ஆனால் அதற்கு ஊட்டும் நிமிடங்கள் எங்கிருந்து வருகின்றன? இயந்திரம் விற்பவன் அச்சிட்ட ஏட்டிலிருந்தா, கரிசலில் வண்டி ஓட்டியவன் அனுபவத்திலிருந்தா?

நாம் கேட்பது இதுதான்: ஓட்டுநரைக் கேட்டுக் கணக்கிடுங்கள். மழைநாளையும் சேர்த்துக் கெடு வையுங்கள். கணக்கை மக்கள்முன் வையுங்கள். தப்பினால் கணக்கெழுதியவர் பதில் சொல்லட்டும். ஓட்டுநரின் உயிரை ஈடு கேட்காதீர்!